தடமற்ற மலையில் ஸ்னோஷூ நடை

ஆழ்பனியில் கால் புதையாதபடி உடல் எடையைப் பரப்பித் தாங்கும் ஸ்னோஷூ காலணி அணிந்து, பாதை வெட்டப்படாத மலையுச்சிக்கு ஏறுதல். வட அமெரிக்கப் பழங்குடியினர் மரச்சட்டத்தை வளைத்துத் தோல்வாரால் பின்னிச் செய்த காலணி இது. இன்றைய வகைகள் பலவற்றில் அலுமினியச் சட்டமும், சறுக்காமலிருக்க அடியில் உலோகப் பற்களும் உண்டு.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலைகள் இந்நடைக்குப் பேர்பெற்றவை. அங்கே மிக உயர்ந்த மார்சி சிகரமே 1,629 மீட்டர்தான். ஆயினும் பாதையற்ற சிறு சிகரங்கள் பல வேளைகளில் அதைவிடக் கூடுதல் உழைப்பு கேட்பவை. உச்சியை நெருங்க நெருங்க ஸ்ப்ரூஸ், பால்சம் ஃபர் மரங்கள் அடர்ந்து வழிமறிக்கும். குளிர்காலக் கடைசியில் குட்டை மரங்களைப் பனி மூடியிருப்பதால் மேலே நடக்கலாம். ஆபத்தும் அங்கேதான்: கிளைகள் தாங்கிய பனிக்கு அடியில் வெற்றிடம் இருக்கும். அதில் இடுப்பளவோ அதற்கு மேலோ விழுபவரின் காலணி கிளைகளில் சிக்கிக்கொள்ளும்; துணையின்றி மீள்வது கடினம். ஆகவே தனியே போவது தகாது.

பகலில் உருகி இரவில் உறைந்த மேற்பனி காலையில் ஆளைத் தாங்கும், வெயில் ஏறினால் இளகும். விடியலில் புறப்படுவதே சரி. வரைபடமும் திசைகாட்டியும் கட்டாயம் வேண்டும். வந்த தடத்தைக் காற்று அழித்துவிடலாம். 30 முதல் 45 பாகை வரை சரிந்த வெட்டவெளிகளில் பனிச்சரிவு நேரக்கூடும் என்பதால் அவற்றைச் சுற்றிப்போக வேண்டும்.

அடிரோண்டாக்கின் ஹை பீக்ஸ் காட்டுப்பகுதியில் பனி 8 அங்குலம் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஸ்னோஷூ அல்லது பனிச்சறுக்குக் கட்டை அணிவது சட்டப்படி கட்டாயம்.