மாறுகண்ணும் நீள்பார்வையும்

மாறுகண்ணை அதிர்ஷ்டத்தின் அடையாளமெனக் கருதும் வழக்கம் தமிழரிடை உண்டு. மேனாட்டு மருத்துவரோ நெடுங்காலம் அதனைத் தசையின் குறையெனவே கொண்டனர். 1839 ஆம் ஆண்டில் பேர்லின் நகரத்து டீபென்பாக் கண்தசையை வெட்டி மாறுகண்ணை நேராக்கினார். அதன்பின் ஐரோப்பாவெங்கும் கத்தி விரைந்தது. வெட்டுண்ட கண்கள் சில எதிர்ப்புறம் திரும்பியதும் உண்டு.

மற்றொரு காரணத்தைத் தெளிவித்தவர் ஒல்லாந்து நாட்டுப் பேராசிரியர் தொண்டர்ஸ். அவரது நூல் 1864 இல் இலண்டனில் வெளிவந்தது. நீள்பார்வையுடைய குழந்தை எதனையும் தெளிவாகக் காணக் கண்வில்லையை ஓயாது பருக்கச் செய்தல் வேண்டும். அம்முயற்சியோடு கண்கள் உட்குவிதலும் இயல்பாகவே பிணைந்துள்ளது. ஆதலின் ஒரு கண் மூக்கின் பக்கமாகச் சாய்கின்றது. குவிவு வில்லை பொருந்திய மூக்குக்கண்ணாடி அணியின் அம்முயற்சி தளரும்; கத்தியின்றியே பலருக்குக் கண் நேராகும். எல்லா மாறுகண்ணுக்கும் இதுவே காரணமன்று.

வன்னியிலே, ஒட்டுசுட்டான் போன்ற ஊர்களில், இச்சாய்வை முதலிற் காணக்கூடியோர் தாயும் ஆசிரியருமே. அதிர்ஷ்டமென வாளாவிருப்பின், சாய்ந்த கண்ணின் காட்சியை மூளை புறக்கணிக்கப் பழகிவிடும். ஏழெட்டு வயதுக்குப் பின் அப்பார்வையை மீட்டல் கடினம். நல்ல கண்ணை மறைத்து மற்றதற்கு வேலை கொடுக்கும் முறையைப் பிரெஞ்சு அறிஞர் பூபோன் 1743 இலேயே எடுத்துரைத்தார். அஃது இன்றும் கையாளப்படுகின்றது.