ஆட்டத்துக்கு முந்தும் குரல்

‘காண்ட்ரா’ என்ற பெயரே ஒரு சொல்லாராய்ச்சிக்குப் போதுமானது. இங்கிலாந்தின் ‘கன்ட்ரி டான்ஸ்’ பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சுக்குச் சென்றபோது, ‘கன்ட்ரி’ என்ற ஒலி பிரெஞ்சுக் காதுகளில் ‘எதிர்’ எனப் பொருள்படும் ‘கோந்த்ர்’ ஆக விழுந்தது. ஆடுவோர் இரு நீண்ட வரிசைகளில் எதிரெதிரே நின்றதால் பொருளும் பொருந்திப்போயிற்று. ‘கோந்த்ர்தான்ஸ்’ என்றான அச்சொல் ஆங்கிலத்துக்கே ‘காண்ட்ரா டான்ஸ்’ எனத் திரும்பி வந்தது. ஸ்பானியத்தின் வழியே கியூபா சென்று ஹபனேரா இசைக்கும் வித்திட்டது. பிரெஞ்சுச் சொல்லே மூலம், ஆங்கிலச் சொல் அதன் மரூஉ என்று தலைகீழாக வாதிட்டோரும் உண்டு. எழுத்துச் சான்றுகளில் ஆங்கில வழக்கே முந்தியது. நாட்டார் சொற்பிறப்புக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பெயரின் கதை இவ்வளவு பேசப்பட்டிருக்க, இவ்வாட்டத்தின் இன்றைய வடிவத்துக்கு உயிரான வேறொன்றின் கதை நெடுங்காலம் பேசப்படவில்லை. மேடையில் ஒருவர் நின்று அடுத்த கோலம் இன்னது என்று சொல்லச் சொல்ல, ஒருவரை ஒருவர் அறியாத நூறு பேர் பிசகாமல் ஆடுகின்றனர். ஆங்கிலத்தில் ‘காலர்’ எனப்படும் அந்த ஆட்டம் சொல்பவர் எங்கிருந்து வந்தார்?

இங்கிலாந்திலிருந்து வரவில்லை. லண்டன் பதிப்பாளர் ஜான் பிளேஃபோர்டு 1651இல் வெளியிட்ட ‘தி இங்லிஷ் டான்சிங் மாஸ்டர்’ 105 ஆட்டங்களுக்கு இசையையும் செய்முறையையும் தந்தது. முக்கால் நூற்றாண்டு காலம் அதன் பதிப்புகள் வந்துகொண்டிருந்தன. தலைப்பிலேயே நடன ஆசிரியர் நிற்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். அரங்கில் இறங்குமுன் ஆட்டத்தைக் கற்றிருக்க வேண்டும்; கற்பதற்கு ஆசிரியரும், அவருக்குக் கொடுக்கப் பணமும், பயில ஓய்வும் வேண்டும். அரங்கில் எவரும் எதையும் உரக்கச் சொன்னதில்லை. அதற்குத் தேவையும் எழவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு முறைப்படி வரிசையின் தலைப்பில் நின்ற இணை மட்டுமே ஆட்டத்தைத் தொடங்கும். அது ஒவ்வோர் இடமாகக் கீழிறங்கி வரும்வரை மற்றவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருப்பர். தம் முறை வருவதற்குள் பார்த்தே பாடமாகிவிடும். முறைசார்ந்த விருந்துகளில் தலைப்பில் நின்றோர் தகுதியில் உயர்ந்தோர். அறிவு மேலிருந்து கீழே இறங்கும் என்ற சமூக ஒழுங்கை அந்த வரிசை அப்படியே உடலால் எழுதிக் காட்டியது என்றால் மிகையாகாது.

குடியேறிகளோடு இம்முறை அமெரிக்கா சென்றது. 1788இல் ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் ஜான் கிரிஃபித்ஸ் என்ற நடன ஆசிரியர் ஒரு தொகுப்பை அச்சிட்டார். அங்கும் ஆசிரியர்தான், ஏடுதான், முன்பயிற்சிதான்.

குரல் முதலில் பதிவாவது வேறோர் இடத்தில். வாஷிங்டனின் நாடாளுமன்றக் கட்டடப் பணியில் முக்கியப் பங்காற்றிய கட்டடக் கலைஞர் பெஞ்சமின் லாட்ரோப் 1819இல் நியூ ஆர்லியன்ஸில் இருந்தார். அங்கு ஒரு நடன விருந்தைக் கண்டு தம் குறிப்பேட்டில் எழுதிய வரிகளில், இசைக்குழுவின் மாடத்தில் நின்றபடி தம்புரின் வாசித்த ஒரு கறுப்பின மனிதர் வருகிறார். கோலங்கள் மாறும்போதெல்லாம் அவற்றைக் கூவிச் சொன்னவர் அவரே. லாட்ரோப்புக்கு அக்குரல் அருவருப்பாக இருந்தது, உடையும் பிடிக்கவில்லை. பெயரைக் கேட்டு எழுதவும் தோன்றவில்லை. அந்த அருவருப்பின் புண்ணியத்தால்தான் இன்றைக்கு நமக்கு ஒரு சான்று கிடைத்திருக்கிறது.

இத்தகைய சான்றுகளைத் திரட்டி விரிவாக வாதிட்டவர் ஃபில் ஜேமிசன். தென் அப்பலாச்சிய நடனங்கள் பற்றிய அவருடைய நூல் 2015இல் வெளிவந்தது. வெள்ளையர் விருந்துகளில் ஃபிடில் வாசித்தோரில் பலர் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின இசைஞர்கள். இரவு முழுதும் வாசித்துக்கொண்டே கோலங்களைப் பார்த்துப் பார்த்து அவர்களுக்கு அவை மனப்பாடமாயின. தம் மக்களின் கூட்டங்களில் அதே ஆட்டங்களை ஆடும்போது நடன ஆசிரியரும் இல்லை, ஏடும் இல்லை. இசைஞரே கோலத்தைச் சொன்னார். ஒருவர் சொல்லப் பலர் மறுமொழி தரும் ஆப்பிரிக்க இசை மரபு இதற்கு ஏற்கெனவே வழிவகுத்திருந்தது. அங்கிருந்தே இவ்வழக்கம் வெள்ளையர் அரங்குகளுக்கும் பரவியது என்பது அவர் முடிபு. ஒரு குறிப்பை வைத்துத் தோற்றத்தை அறுதியிட முடியாதுதான். எனினும் தொடக்ககாலச் சான்றுகள் திரும்பத் திரும்பக் கறுப்பின இசைஞரையே சுட்டும்போது, அவற்றைத் தற்செயல் எனத் தள்ளுவதற்கே கூடுதல் நியாயம் தேவைப்படும்.

இதனால் நேர்ந்த மாற்றம் சிறிதன்று. முன்பயிற்சி இல்லாதவரும் அன்றிரவே ஆடலாம் என்றாயிற்று. தலைப்பு இணை கீழிறங்கி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் தொடங்கலாம். பணமும் ஓய்வும் காத்துநின்ற வாயிலைத் திறந்துவிட்டவர்கள், அவ்விரண்டும் மறுக்கப்பட்டவர்கள்.

பின்வந்த ஆர்வலர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை. ஆங்கில நாட்டார் கலைகளைத் தேடி அமெரிக்கா சென்ற செசில் ஷார்ப், 1917இல் கென்டக்கியின் பைன் மவுண்டன் குடியிருப்புப் பள்ளியில் ‘ரன்னிங் செட்’ என்ற ஆட்டத்தைக் கண்டு சிலிர்த்துப்போனார். பிளேஃபோர்டுக்கும் முந்திய தூய ஆங்கில மரபு மலைகளுக்குள் பிழைத்திருக்கிறது என்று அடுத்த ஆண்டே எழுதினார். ஆனால் அவ்வாட்டமும் ஒருவர் சொல்லச் சொல்ல ஆடப்பட்டதே. இங்கிலாந்தில் இல்லாத வழக்கம் ஆங்கிலத் தொன்மையின் நடுவில் எப்படி வந்தது என்ற வினா அந்தச் சிலிர்ப்பில் அமிழ்ந்துபோயிற்று. ஹென்றி ஃபோர்டின் நோக்கம் இன்னும் வெளிப்படையானது. ஜாஸ் இசை யூதர்களின் சூழ்ச்சி என்று தம் செய்தித்தாளில் எழுதவைத்த அவர், அதற்கு மாற்றாகப் பழைய நடனங்களை மீட்க 1926இல் ‘குட் மார்னிங்’ என்ற கையேட்டை வெளியிட்டார். ஜாஸை விரட்ட அவர் அழைத்துவந்த ‘பழைய அமெரிக்கா’வின் குரலிலும் கறுப்பின மரபே கலந்திருந்தது. வரலாற்றுக்கு இத்தகைய எள்ளல் கைவந்த கலை.

வால்ட்ஸும் போல்காவும் நகரங்களை நிறைத்த பின்னும் காண்ட்ரா நியூ இங்கிலாந்தின் வடபகுதி ஊர் மண்டபங்களில் தங்கியது. நியூ ஹாம்ப்ஷயரின் ரால்ஃப் பேஜ் 1930 முதல் ஆட்டம் சொல்லி வந்தார். 1949 முதல் 1984 வரை ‘நார்தர்ன் ஜங்கெட்’ என்ற இதழையும் நடத்தினார். அவருக்குப் பின் அதே மாநிலத்தின் டட்லி லாஃப்மன், 1960களின் எதிர்ப்பண்பாட்டு இளைஞர்களை வெறுங்காலோடு அந்த மண்டபங்களுக்கு அழைத்துவந்தார். இன்று அமெரிக்க நகரங்கள் பலவற்றில் நடைபெறும் காண்ட்ரா மாலை இவர்களின் வழிவந்தது.

அம்மாலையின் இயக்கத்தை அருகே சென்று பார்த்தால் குரலின் வேலை விளங்கும். ஒரு சுற்று 64 தட்டுகள்; பதினாறு தட்டுகள் கொண்ட நான்கு பகுதிகள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 116 தட்டு என்று கொண்டால் ஒரு சுற்று 33 நொடியில் முடியும். சுற்று முடியும்போது ஒவ்வோர் இணையும் வரிசையில் ஓரிடம் நகர்ந்து புதிய அண்டை இணையைச் சந்திக்கும். அதே கோலங்கள் புதியவரோடு மீண்டும் தொடங்கும். பதினைந்து சுற்று என்றால் எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல்.

ஏவல் வினையைப் பற்றி இலக்கணம் பேசும்போது செயல் எப்போது நிகழும் என்பதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. இங்கோ அதுவே எல்லாம். வட்டமாகச் சுற்றுவது எட்டுத் தட்டு, அடுத்து அண்டையாருடன் கைகோத்துச் சுழல்வது என்றால், சுழலச் சொல்லும் ஏவல் எட்டாம் தட்டுக்குள் முடிந்தாக வேண்டும். ஒன்பதாம் தட்டில் சொன்னால் அது கட்டளை அன்று, வருணனை. சொல்வதற்குக் கிடைப்பது கடைசி நான்கு தட்டு, அதாவது இரண்டு நொடி. அதற்குள் யார், என்ன என்பதும், வேண்டுமானால் எங்கே என்பதும் அடங்க வேண்டும். யார் என்பதை முதலில் சொல்வது நல்லது. தம்மைக் கூப்பிட்டது தெரிந்தால்தான் செவி செயலுக்கு ஆயத்தமாகும். ‘சுழலுங்கள் அண்டையாரோடு’ என்ற ஆங்கில இயல்பைத் திருப்பி ‘அண்டையாரோடு சுழலுங்கள்’ என்று சொல்லப் பழக வேண்டியிருக்கிறது. வினையை இறுதியில் வைக்கும் மொழியினருக்கு இந்தச் சிரமம் இல்லை.

இசை தொடங்குமுன் இசையின்றி ஒன்றிரண்டு முறை நடத்திக் காட்டுவது வழக்கம். பிறகு முதற்சில சுற்றுகளுக்கு முழு ஏவல்; அடுத்து ஒரே சொல்; பின்னர் மௌனம். வரிசையின் கோடியில் தடுமாற்றம் தெரிந்தால் குரல் மீண்டும் எழும். தம் குரலை எப்போது நிறுத்துவது என்று அறிந்தவரையே தேர்ந்தவர் என்பர்.

ஒரு மாலைக்குத் திட்டமிடுவது இதே அறிவின் பெரிய வடிவம். மூன்று மணி நேரம், நடுவில் ஓர் இடைவேளை, சுமார் பன்னிரண்டு ஆட்டங்கள். ஒவ்வோர் ஆட்டமும் ஒரு சிற்றட்டையில் நான்கு பகுதிகளாக எழுதப்பட்டிருக்கும். மாலையில் அட்டைகளை அடுக்கும் வரிசையே திட்டம். முதலாவதில் வட்டமும், நீள்வரிசையாக முன்வந்து பின்செல்வதும், சுழலுதலும் போதும். இடம் நகர்தல் என்ற கருத்தை மட்டும் புதியவர் பிடித்துக்கொண்டால் சரி. நான்கு பேர் பின்னல்போல் ஊடுபாவாக நடக்கும் ‘ஹே’ என்ற கோலத்தை மூன்றாம் நான்காம் ஆட்டத்தில் கற்றுக்கொடுத்தால், இடைவேளைக்கு முன் அதை வேகமாக ஆடிக் களிக்கலாம். ஒரே கோலம் அடுத்தடுத்து வந்தால் சலிக்கும். ஒருமுறை வந்து மறைந்தால் கற்ற உழைப்பு வீண். அண்டையாரோடு சுழலும் ஆட்டங்களை முன்பகுதியில் கூடுதலாக வைப்பதிலும் காரணம் உண்டு: புதியவர் அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தேர்ந்த கையைப் பற்றுவார்; மேடையின் குரலைவிட அந்தக் கை அதிகம் கற்பிக்கும். இசைக்குழுவோடும் பேசிவைக்க வேண்டும். பகுதியின் தொடக்கத்தில் காலைத் தட்டி ஊன்றும் ஆட்டத்துக்கு அழுத்தமான ரீல் வேண்டும். வழுக்கிச் செல்லும் ஆட்டத்துக்கு அது ஒத்துவராது. இன்னும் எத்தனை சுற்று என்பதை விரல்களால் காட்டுவர். எத்தனை கவனமாக அடுக்கினாலும் எதிர்பாராத கூட்டம் வந்துவிட்டால் பாதி அட்டைகள் உறைக்குள் திரும்பிவிடும் என்பது வேறு.

அட்டையின் மேல்முனையில் ஆட்டத்தின் பெயரும் இயற்றியவர் பெயரும் இருக்கும். இரண்டையும் அரங்கில் அறிவிப்பது மரபு. டெட் சானெல்லா போன்றோர் பெயர்கள் அவ்வாறு நிலைபெற்றன. ஆட்டம் இயற்றியவருக்கு இருக்கும் இந்த நினைவு, ஆட்டம் சொல்லும் கலையைத் தொடங்கிவைத்தோருக்கு அண்மையில்தான் கிட்டத் தொடங்கியிருக்கிறது.

குரலுக்கு உரியவர் யார் என்ற வினா இப்போது சொற்களின் மீது இறங்கியுள்ளது. யாரும் எந்தப் பக்கமும் நின்று ஆடலாம் என்ற வழக்கம் பரவியபின், ஆண், பெண் என்னும் பழைய ஏவற்சொற்கள் பொருந்தவில்லை. இடப்பக்கம் நிற்போர் ‘லார்க்ஸ்’, வலப்பக்கம் நிற்போர் முதலில் ‘ரேவன்ஸ்’, பின்னர் ‘ராபின்ஸ்’ ஆயினர். ஆங்கிலத்தில் இடம், வலம் என்னும் சொற்களின் முதலெழுத்தே இப்பறவைப் பெயர்களின் முதலெழுத்தும். இதைவிட நுட்பமானது அசைக்கணக்கு. ‘ஜென்ட்ஸ்’ ஆங்கிலத்தில் ஓரசை, ‘லார்க்ஸ்’ ஓரசை. ‘லேடீஸ்’ ஈரசை, ‘ராபின்ஸ்’ ஈரசை. பழைய ஏவலின் தாளம் குலையாமல் சொல் மட்டும் மாறியது. கொள்கை வாதங்களுக்கு இணையாக இந்தப் பொருத்தமும் அதன் வெற்றிக்குக் காரணம் என்று கருத இடமுண்டு.

கை தொடாமல் ஒருவரையொருவர் பார்த்தபடி சுற்றிவரும் கோலத்துக்கு அத்தனை நல்லூழ் வாய்க்கவில்லை. ரோமா மக்களை இழித்துரைக்கும் சொல்லாக அதன் பழைய பெயர் உணரப்பட்டபின் ‘ரைட் ஷோல்டர் ரவுண்ட்’ என்ற பெயர் வந்தது. ஈரசை நான்கசையாயிற்று; இரண்டு நொடிக்குள் இன்னும் நெருக்கடி. அதனால் ‘ரைட் ஷோல்டர்ஸ்’ என்ற அளவில் நிறுத்திக்கொள்வோரும் உண்டு. நாலைந்து சுற்று கடந்தால் அதுவும் வேண்டியிருக்காது.