குரங்குப் பானை சொல்லும் நம் மண்ணின் கதை



பாசிர் ரிஸ் வீவக வீட்டின் தாழ்வாரத்தில் நான் ஒரு குடுவைச் செடி வளர்த்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை தினமும் வந்து, "டீச்சர், இன்னைக்கு எத்தனை எறும்பு விழுந்துச்சு?" என்று கேட்பாள். நல்லா வளரட்டுமே என்று உரம் போட்டேன். சில வாரங்களில் செடி கருகிப் போச்சு. "நல்லதுதானே செஞ்சீங்க, ஏன் டீச்சர் செத்துப்போச்சு?" என்றாள். அதற்கு விடை தேடினால் நம் தீவின் வரலாறு வந்து நிற்கிறது.

முதலில் செடியைப் பார்ப்போம். அந்தக் குடுவை பூ அல்ல. இலையின் நுனிதான் அப்படி மாறியிருக்கிறது. அதன் விளிம்பு வழுக்கும். பூச்சி உள்ளே விழுந்தால் அடியிலுள்ள நீர் அதைச் செரித்துவிடும். சத்தில்லாத மண்ணில் கிடைக்காத நைட்ரஜன் இப்படிக் கிடைக்கிறது. அதன் வேர் பழகியது ஏழை மண்ணுக்கு. உரம் அதற்கு விஷம் மாதிரி.

சிங்கப்பூரில் இயற்கையாக வளரும் குடுவைச் செடிகள் மூன்று வகை. மலாய்க்காரர்கள் இவற்றைப் 'பெரியோக் கெரா', அதாவது குரங்குப் பானை என்பார்கள். 1819இல் ராஃபிள்ஸுடன் இங்கு வந்த வில்லியம் ஜாக் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இச்செடிகளைக் கண்டு வியந்தார். ஒரு வகைக்கு 'நெப்பந்தஸ் ராஃபிள்சியானா' என்று பெயரிட்டார். அவர் 1822இல், 27 வயதிலேயே இறந்துவிட்டார். அவருடைய குறிப்பு அச்சேறியது 1835இல்தான். செடிக்கு ராஃபிள்ஸின் பெயர் நிலைத்தது. ஆனால் குரங்குப் பானை என்று முதலில் அழைத்தவர் யார் என்பது எந்த ஏட்டிலும் இல்லை.

அடுத்து மண்ணின் கதை. 19ஆம் நூற்றாண்டில் இங்கு கேம்பியர் தோட்டங்கள் பெருகின. வெற்றிலையோடு மெல்லவும் தோல் பதனிடவும் பயன்பட்ட சரக்கு அது. அதன் இலையைக் காய்ச்ச விறகு வேண்டும். அதற்காகச் சுற்றியிருந்த காடும் அழிந்தது. சில ஆண்டுகளில் மண் சத்திழக்கவே, தோட்டத்தைக் கைவிட்டு வேறிடம் போனார்கள். அப்படி விடப்பட்ட புளிப்பு மண்ணில் புதர்க்காடு முளைத்தது. மற்ற செடிகள் திணறிய அந்த இடத்தில் குடுவைச் செடி வேர்விட்டது. கென்ட் ரிட்ஜ் பூங்காவில் அத்தகைய புதர்க்காட்டை இன்றும் காணலாம்.

மனிதன் சுரண்டிவிட்டுப் போன மண்ணைச் செடி ஏற்றுக்கொண்டது. அந்தப் புதர்க்காடுகளும் இன்று சுருங்கிவிட்டன. 'வெறும் புதர்தானே' என்று அழிக்கும்போது இந்த வரலாற்றையும் சேர்த்தே அழிக்கிறோம்.

வகுப்பில் இப்படிச் செய்து பாருங்கள். நாற்றங்காலில் வாங்கிய செடியைத் தேங்காய் நார்த்தூளும் கரித்துண்டும் கலந்த தொட்டியில் வையுங்கள். மழைநீர் ஊற்றுங்கள், நல்ல வெளிச்சம் வேண்டும், உரம் வேண்டவே வேண்டாம். பூங்காவிலிருந்து மட்டும் பறிக்காதீர்கள், அது குற்றம். பிறகு பிள்ளைகளிடம், "இந்தச் செடிக்கு நீங்க என்ன பேரு வைப்பீங்க, ஏன்?" என்று கேளுங்கள். தமிழில் ஐந்து வரி எழுதட்டும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் புதுச் செடிக்கு வைத்த பெயர் 'பசிக்குடம்'. ராஃபிள்ஸ் பெயரைவிட எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு.