யூதர் யார்? ஒரு துறவியின் வழக்கு

யூத மார்க்கத்தைப் பின்பற்றுபவரே யூதர் என்று எளிதாகக் கூறிவிடலாம். ஆனால், இறைநம்பிக்கை அற்றவரும் தம்மை யூதர் என்கிறார். உலகமும் அவரை அவ்வாறே அழைக்கிறது. அப்படியாயின் 'யூதர்' என்பது மதத்தின் பெயரா, குலத்தின் பெயரா, தேசத்தின் பெயரா? இவ்வினா 1962 ஆம் ஆண்டில் இஸ்ரேலிய உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு மனிதரின் உருவில் வந்து நின்றது.

போலந்தின் யூதக் குடும்பமொன்றில் 1922 இல் பிறந்தவர் ஒஸ்வால்ட் ரூஃபைசன். இரண்டாம் உலகப் போரின்போது, யூதர் என்பதை மறைத்து, மீர் நகரில் ஜெர்மானியக் காவல்துறையின் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். அங்கு அடைத்து வைக்கப்பட்டிருந்த யூதர்களை அழிக்கும் திட்டத்தை 1942 இல் முன்கூட்டியே அறிவித்தார். 200 பேரளவில் காடுகளுக்குள் தப்பினர். தாமும் அகப்பட்டுத் தப்பி, கன்னியர் மடமொன்றில் ஒளிந்திருந்தபோது கத்தோலிக்கரானார். போருக்குப்பின் கர்மேல் சபைத் துறவியாகி, 'சகோதரர் டேனியல்' எனும் பெயருடன் 1959 இல் ஹைஃபா சென்றார்.

ஒவ்வொரு யூதருக்கும் இஸ்ரேலில் குடியேறும் உரிமையை வழங்கிய 1950 ஆம் ஆண்டுச் சட்டம், யூதர் யார் என்பதை வரையறுக்கவில்லை. தமது மதம் கத்தோலிக்கம், தமது இனம் யூதம் என்று வாதிட்ட டேனியல், அச்சட்டத்தின்படி உரிமை கோரினார்.

தீர்ப்பு விந்தையானது. யூத மார்க்கச் சட்டமான ஹலாக்காவின்படி, யூதத் தாய்க்குப் பிறந்தவர் மதம் மாறினும் யூதரே. இதை ஒப்புக்கொண்ட நீதிபதிகளே, நாட்டின் சட்டம் உலகியல் சட்டம் என்றும், சாதாரண யூதர் எவரும் ஒரு கிறித்தவத் துறவியை யூதராகக் கருதமாட்டார் என்றும் கூறி, நால்வருக்கு ஒருவர் எனும் கணக்கில் கோரிக்கையைத் தள்ளினர். நீதிபதி ஹைம் கோஹன் மட்டுமே மாறுபட்டார். மார்க்கச் சட்டம் ஏற்றுக்கொள்ளும் ஒருவரை மதச்சார்பற்ற நீதிமன்றம் விலக்கியது!

1970 சனவரியில் இதன் மறுபக்கம் வெளிப்பட்டது. யூதரல்லாத தாய்க்குப் பிறந்த தம் பிள்ளைகளை யூத இனத்தவராகப் பதிவு செய்யக் கோரிய கடற்படை அதிகாரி ஷாலித்துக்கு ஐவருக்கு நால்வர் எனத் தீர்ப்புச் சாதகமாயிற்று. எழுந்த எதிர்ப்பால் அவ்வாண்டே சட்டம் திருத்தப்பட்டது. யூதத் தாய்க்குப் பிறந்தவர் அல்லது யூத மார்க்கத்தைத் தழுவியவர், வேறு மதத்தைச் சாராதவர் என யூதர் வரையறுக்கப்பட்டார். ஆயினும் குடியேறும் உரிமை யூதரின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் துணைவர்களுக்கும் விரிக்கப்பட்டது. ஆக, யூதராகக் கருதப்படாமலே யூதருக்குரிய உரிமையைப் பெறுவோரும் உருவாயினர்.

நாஜிகளின் 1935 ஆம் ஆண்டு நியூரம்பர்க் சட்டங்களோ நம்பிக்கையை முதன்மையாகக் கொள்ளவில்லை. பெரும்பாலும் பாட்டன் பாட்டியரையே எண்ணின. டேனியல் பெற்ற ஞானஸ்நானம் அவரைக் காத்திருக்காது. கொல்பவர் யூதர் என்றனர். தம்மவர் அல்லர் என்றனர்.

இரத்தமே எல்லாம் என்பது யூத மரபின் முடிவுமன்று. மோவாபியப் பெண்ணான ரூத், தாவூத் (அலை) அவர்களின் மூதாட்டியாகவே அம்மரபில் போற்றப்படுகிறார். அரபுச் சூழலில் வாழ்ந்து 1204 இல் மறைந்த மூஸா இப்னு மைமூன், யூத மார்க்கத்தைத் தழுவிய ஒபதியாவுக்கு எழுதிய கடிதத்தில், 'எங்கள் முன்னோரின் இறைவன்' எனத் தொழுகையில் கூற அவருக்கும் உரிமையுண்டு என்றார். ஏனெனில், இப்ராஹீம் (அலை) அவர்களின் வழியை ஏற்பவர் அனைவருக்கும் அவரே தந்தை.

பிறப்பு, நம்பிக்கை, பகிர்ந்துகொண்ட துயரம் ஆகிய மூன்று இழைகளால் ஆனது யூத அடையாளம். சட்டம் ஓரிழையைப் பற்றி இழுக்கும்போதெல்லாம் ஒரு மனிதர் வெளியே நிற்க நேர்கிறது. பொதுவான குடியுரிமைச் சட்டத்தின் வழியே இஸ்ரேலியக் குடிமகனாகி, 1998 இல் மறைந்த டேனியல் அவர்களுள் ஒருவர்.