அரண்மனை மண்ணுக்குள்ளே, கோயில் மட்டும் நிற்குது: கங்கைகொண்ட சோழபுரம் சுருங்கிய கதை



போன ஞாயிறு உழவாரப் பணி செய்தபோது, கோயிலுக்குப் பின்னால் தேயிலைச் செடிகளுக்கு நடுவுல ஓர் உடைஞ்ச அம்மிக்கல் கிடைச்சது. பக்கத்துலயே சிமெண்டுப் படி ரெண்டு. படி இருக்கு, வீடு இல்லை. கூட வந்திருந்த பாட்டி ஒருத்தர் பார்த்துட்டு, "இங்கதான்யா எங்க பழைய லயம் இருந்துச்சு" என்றார். எங்களில் இளையவர்களுக்கு அங்கே லயம் இருந்ததே தெரியாது. ஒரு பாட்டியின் ஆயுசுக்குள்ளேயே ஒரு குடியிருப்பு இப்படி மறைஞ்சுபோகும் என்றால், ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஊர் என்ன ஆகும்? அதைத்தான் இன்றைக்குப் பகிர்கிறோம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படிங்க.

தமிழ்நாட்டில் அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது கங்கைகொண்ட சோழபுரம். இன்றைக்குப் போய்ப் பார்த்தால் வயல், சில தெருக்கள், டீக்கடைகள், நடுவில் வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு சிவன் கோயில். இவ்வளவு சின்ன ஊருக்கு எதுக்கு இவ்வளவு பெரிய கோயில் என்று யாருக்கும் தோணும். காரணம் இதுதான்: அது சின்ன ஊர் இல்லை. முதலாம் இராஜேந்திர சோழர் தம் படை கங்கை வரை போய் வந்த வெற்றிக்காக, 1025-ஐ ஒட்டி எழுப்பிய தலைநகரம் அது. சுமார் 250 வருஷம் சோழநாடு அங்கிருந்துதான் ஆளப்பட்டது. கங்கை நீரைக் கொண்டுவந்து சேர்த்த பெரிய ஏரிக்குச் சோழகங்கம் என்று பேர். தண்ணீராலேயே எழுப்பிய வெற்றித்தூண் அது என்ற கருத்தில் திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. இன்றைக்கு அந்த ஏரியைப் பொன்னேரி என்கிறார்கள்.

அந்த நகரம் எங்கே போச்சு? கோயிலிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி மாளிகைமேடு என்று ஓர் இடம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1980-81-இல் அங்கே அகழாய்வு தொடங்கியது. 2021-இலும் மறுபடி தோண்டினார்கள். கிடைத்தவை செங்கல் சுவர்கள், குவியல் குவியலாகக் கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், கண்ணாடி வளையல் துண்டுகள், சீன நாட்டுப் பீங்கான் ஓடுகள். வரிசையாகக் கருங்கல் தாங்குகற்களும் இருந்தன. தூண்களைக் காணோம். மரத்தூண்கள் என்பதால் மக்கிப் போச்சு, அதைத் தாங்கிய கல் மட்டும் மிச்சம். அந்தக் கல்லையும் ஓட்டையும் ஆணியையும் வைத்துத்தான், இங்கே மரத்தூண் நிறுத்தி ஓடு வேய்ந்த அரண்மனை இருந்தது என்று சொல்ல முடிகிறது. நம்ம படியும் அம்மியும் சொல்ற கதை மாதிரியேதான்.

மண்ணுக்குள்ளே இருப்பது மட்டும் சாட்சி இல்லை. ஊர்ப் பேர்களும் சாட்சி. சுற்றுவட்டாரத்தில் உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி என்று இன்றும் பேர் இருக்கு. கோட்டை இல்லை, காவல்படை இல்லை. ஆனால் ஜனங்க வாயில் அந்தப் பேர் மட்டும் ஆயிரம் வருஷமா உயிரோடு இருக்கு. கடாரங்கொண்டான் என்றுகூட அங்கே ஒரு கிராமம் உண்டு. கடாரம் என்றால் நம்ம கெடாதான்!

1279-ஐ ஒட்டிச் சோழர் ஆட்சி முடிந்து பாண்டியர் கை ஓங்கியது. அரசு போனதும் அதை நம்பியிருந்த படை, அதிகாரிகள், வணிகர், கைவினைஞர் எல்லாருக்கும் அங்கே வேலை இல்லாமல் போனது. நகரம் சுருங்கிக் கிராமமாச்சு. மிச்சம் நின்ற அரண்மனைச் செங்கல்லை ஜனங்க தோண்டி எடுத்து வீடு கட்டிக்கொண்டார்கள். கோயிலையும் விட்டுவைக்கவில்லை. 1836-இல் ஆங்கிலேயர் ஆட்சியில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினபோது, இந்தக் கோயிலின் மதிலையும் கோபுரத்தையும் பிரித்துக் கருங்கல்லைக் கொண்டுபோனார்கள். ஊர்க்காரர்கள் தடுத்துப் பார்த்தார்கள், தண்டனைதான் கிடைச்சது. கல்லுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவோம் என்ற வாக்கும் காற்றோடு போச்சு.

அப்படியும் விமானம் நிற்கிறது. சண்டேசருக்கு ஈசன் தம் கையால் மாலை சூட்டும் அந்தச் சிற்பம் இன்றும் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. ஐப்பசிப் பௌர்ணமிக்கு மூட்டை மூட்டையாக அரிசி வடித்து அன்னாபிஷேகம் நடக்கிறது. 2004-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்த்தார்கள்.

இப்போ நம்ம மலேசியாவுக்கு வருவோம். இராஜேந்திரரின் கப்பற்படை 1025-இல் வென்ற இடங்களில் கடாரமும் ஒன்று என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. அதனால் பூஜாங் பள்ளத்தாக்கு முழுக்க அவர் கட்டியது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது சரியில்லை. சோழர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அங்கே துறைமுகமும் இரும்பு உருக்கும் உலைகளும் இருந்தன. குனோங் ஜெராய் அடிவாரத்தில் புக்கிட் பத்து பஹாட் கோயிலைப் போய்ப் பாருங்க. அங்கேயும் கல் அடித்தளமும் தூண் நிறுத்திய தாங்குகற்களும்தான் மிச்சம். அதே பள்ளத்தாக்கில் 11-ஆம் எண் சண்டி 2013-இல் நில மேம்பாட்டு வேலையில் இடிக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆயிரம் வருஷம் தாங்கினது, ஒரு இயந்திரத்துக்குத் தாங்கவில்லை.

நாங்க இதை ஏன் எழுதுகிறோம்? நம்ம தோட்டங்களும் சுருங்கிக்கிட்டுத்தான் இருக்கு. பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் ஈப்போ, கோலாலம்பூர் என்று இறங்கிட்டாங்க. திருவிழாவுக்கு மட்டும் மலையேறி வர்றாங்க. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் செப்பேடும் கல்வெட்டும் இருந்தன. நம்ம லயத்துக்கு என்ன இருக்கு? பாட்டியின் ஞாபகம் ஒன்றுதான்.

அதனால் ஒரு வேண்டுகோள். வீட்டில் பெரியவங்க இருந்தால் உட்கார்ந்து பேசுங்க. எந்த லயம் எங்கே இருந்தது, யார் யார் குடியிருந்தாங்க, கோயிலுக்கு முதல் கல் யார் வைத்தாங்க என்று நோட்டில் எழுதுங்க, போனில் பதிவு பண்ணுங்க. பழைய திருவிழாப் படங்கள் இருந்தால் கொண்டுவாங்க, நகல் எடுத்துட்டுத் திருப்பித் தர்றோம். அடுத்த திருப்பணியின்போது பழைய கல், மணி, விளக்கு எதையும் குப்பை என்று தூக்கிப் போடாதீங்க. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்க.

அந்த அம்மிக்கல்லைக் கழுவி மடப்பள்ளி வாசலில் வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது பாருங்க. யார் வீட்டு அம்மி என்று தெரிந்தால் சொல்லுங்க, பேரை எழுதி வைப்போம்.

திருச்சிற்றம்பலம்.