மீண்டும் சாங்கிக்கு



2010ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், வியாழக்கிழமை. மறுநாள் தீபாவளி. ஆசிரியர் அறை மேசையில் முறுக்கும் அதிரசமும் வந்து இறங்கியிருந்தன. பயிற்சிக் கழகத்திலிருந்து வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த இளம் ஆசிரியன் நான். ஆண்டிறுதித் தேர்வு முடிந்து, முன்னேற்ற அறிக்கைகளில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அப்போதுதான், சாங்கியிலிருந்து புறப்பட்ட பெரிய விமானம் ஒன்று பாத்தாம் தீவில் விழுந்துவிட்டதாம் என்று ஒருவர் சொன்னார். அறையே அடங்கிப்போயிற்று.

நல்லவேளையாக அச்செய்தி பொய்யாயிற்று. ஆனால் அது காரணமின்றிப் பரவவில்லை. பாத்தாம் குடியிருப்புப் பகுதியில் விமானத்தின் உடைந்த பாகங்கள் உண்மையிலேயே விழுந்திருந்தன. அவற்றின் படங்கள் இணையத்தில் பரவிக்கொண்டிருந்த வேளையில், விமானமோ வானில் வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

அது இலண்டனிலிருந்து சிங்கப்பூர் வழியாகச் சிட்னி செல்லும் குவாண்டாஸ் 32. ஏர்பஸ் ஏ380 என்னும் ஈரடுக்கு விமானம். பயணிகள் 440 பேர், பணியாளர்கள் 29 பேர், ஆக 469 உயிர்கள். காலை பத்து மணியளவில் புறப்பட்ட சில நிமிடங்களில், ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், இடப்பக்கத்து இரண்டாம் இயந்திரம் வெடித்தது. அதனுள் சுழலும் கனத்த உலோக வட்டு உடைந்து, அதன் துண்டுகள் இறக்கையைத் துளைத்து வெளியேறின. எரிபொருள் கசிந்தது, மின்கம்பிகள் அறுந்தன, நீரியல் அழுத்தம் குன்றியது, தடைக்கருவிகளின் ஆற்றல் குறைந்தது.

விமானி அறையில் அன்று வழக்கத்துக்கு மாறாக ஐவர் இருந்தனர். தலைமை விமானி ரிச்சர்ட் டி கிரெஸ்பினிக்கு அன்று பணித்திறன் மதிப்பீடு. அவரை மதிப்பிட ஒருவர். அந்த மதிப்பீட்டாளரை மேற்பார்வையிட இன்னொருவர். நம் வகுப்பறைக்கு மதிப்பீட்டாளர் வந்து அமரும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள்! ஆனால் வெடிப்புக்குப் பின் ஐவரும் ஒரே குழுவாயினர்.

கணினித் திரையில் பழுதுச் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து குவிந்தன. எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டிற்று. ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டிய செயல்முறை உண்டு. சாங்கி அருகிலேயே இருந்தும் அவர்கள் அவசரப்பட்டு இறங்கவில்லை. ஏறத்தாழ 50 நிமிடங்கள் வட்டமிட்டபடியே அவற்றைப் பொறுமையாகச் செய்து முடித்தனர்.

இவ்விடத்தில்தான் டி கிரெஸ்பினி தம் எண்ணப்போக்கைத் திருப்பினார். கெட்டுப்போனவற்றின் பட்டியல் மனத்தில் அடங்காத அளவுக்கு நீண்டுவிட்டது. ஆகவே, எது பழுது என்று கேட்பதை நிறுத்தி, எது இன்னும் வேலை செய்கிறது என்று கேட்கத் தொடங்கியதாக அவரே பின்னர் எழுதியுள்ளார். பறக்கக் கற்ற காலத்துச் சிறிய செஸ்னா விமானத்தை அவர் நினைத்துக்கொண்டார். எஞ்சியிருப்பவற்றைக் கொண்டு அத்தகைய எளிய விமானம் ஒன்றை மனத்தில் கட்டி எழுப்பினார். பறக்க முடியுமா? திரும்ப முடியுமா? சக்கரங்களை இறக்க முடியுமா? நிறுத்த முடியுமா? இறங்குவதற்கு முன், விமானம் எவ்வாறு கட்டுப்படுகிறது என்பதையும் வானிலேயே சோதித்துப் பார்த்தனர்.

எரிபொருளை வெளியேற்ற வழியில்லாததால் எடை வரம்புக்கு மேல் இருந்தது. சாங்கி ஓடுபாதையின் நீளம் 4,000 மீட்டர். கணக்கிட்டுப் பார்த்தால் மிஞ்சுவதோ 100 மீட்டர் மட்டுமே. முற்பகல் 11.46 அளவில் விமானம் தரைதொட்டு, ஓடுபாதை முடிய ஏறத்தாழ 150 மீட்டர் இருக்கையில் நின்றது.

நின்ற பிறகும் ஆபத்து தீரவில்லை. கொதிக்கும் தடைகளின் அருகே எரிபொருள் ஒழுகிற்று. முதலாம் இயந்திரம் அணைக்க இயலாமல் ஓடிக்கொண்டே இருந்தது. தீயணைப்பாளர்கள் அதனை நிறுத்த ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆயிற்று. சறுக்குப் பாதைகளில் பயணிகளை அவசரமாக இறக்கினால் காயம் நேரும் என்று கருதிய குழுவினர், அவர்களை உள்ளேயே அமரவைத்து, பிறகு வலப்பக்கத்துப் படிக்கட்டு வழியாக இறக்கினர். 469 பேரும் நலமே வெளியேறினர்.

இத்தனைக்கும் காரணம் ஒரு சிறு குழாய். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2013 ஜூனில் வெளியிட்ட இறுதி அறிக்கை இதனை விளக்குகிறது. ரோல்ஸ் ராய்ஸ் டிரெண்ட் 900 இயந்திரத்துக்குள் எண்ணெய் கொண்டுசெல்லும் குழாய் ஒன்று, உள்ளே கடையப்பட்டபோது மையம் சற்றே விலகியது. அதனால் ஒரு பக்கச் சுவர் மெலிந்தது. நாளடைவில் அங்கே வெடிப்புக் கண்டு, எண்ணெய் கசிந்து தீப்பற்றி, வட்டு உடைந்தது. அந்த விமானமோ சிங்கப்பூரிலேயே பழுதுபார்க்கப்பட்டு 2012 ஏப்ரலில் மீண்டும் பறந்தது.

இப்போது என் முன்னேற்ற அறிக்கைகளுக்கு வருகிறேன்.

அன்று தொடக்கநிலை நான்கில் பயின்ற ஒரு மாணவனுக்கு நான் எழுதிய குறிப்பு இது: 'எழுத்துப்பிழைகள் மிகுதி. வாசிப்புப் பழக்கம் இல்லை. அக்கறை போதாது.' அடுத்த வாரம் பெற்றோர் சந்திப்பில் அவன் தந்தை அதனை இருமுறை படித்துவிட்டு, "சார், என் மகனுக்குத் தெரிந்தது எதுவுமே இல்லையா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. எனக்கு விடை வரவில்லை.

டி கிரெஸ்பினியின் அனுபவத்தைச் சில ஆண்டுகள் கழித்துப் படித்தபோதுதான் அந்தக் கேள்வி மீண்டும் வந்து நின்றது. விடை எனக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும். அச்சிறுவன் வாய்மொழித் தேர்வில், பாட்டி சொன்ன கதையொன்றைத் தடையின்றி, சிரிக்கச் சிரிக்கச் சொன்னவன். பேச்சுத் தமிழ் அவனிடம் முழுதாக இருந்தது. ரகர, றகரப் பிழைகளை எண்ணிக்கொண்டிருந்த நான் அதனைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

பிழையைக் கண்டும் காணாமல் விடலாம் என்று நான் சொல்லவில்லை. அந்த ஐவரும் பழுதுகளை ஒதுக்கிவிடவில்லை. 50 நிமிடங்கள் ஒவ்வொன்றாகக் கவனித்தனர். ஆயினும் விமானத்தைத் தரையிறக்கியது எஞ்சி நின்ற பாகங்களே.

அன்றுமுதல் எந்த அறிக்கையிலும், பிள்ளைக்கு என்ன வருகிறது என்பதையே முதல் வரியில் எழுதுகிறேன். சிலருக்கு அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க நெடுநேரம் பிடிக்கிறது. இன்று வேறெங்கோ வளர்ந்து நிற்கும் அம்மாணவனின் தந்தைக்கு நான் சொல்லாமல் விட்ட விடை அதுதான். பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் அறிக்கையில் அப்படி ஒரு வரி இல்லையென்றால், அந்தத் தந்தையைப் போல் தயங்காமல் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியன்