மரிக்கார் ஆன ராம்தாஸ்

ஏற்ற பாத்திரமே நடிகனின் பெயராகி நிலைப்பதுண்டு. எஸ். ராம்தாஸ் அவர்களுக்கு அப்படி வாய்த்த பெயர் 'மரிக்கார்'.

மேடையிலும் பின்னர் தொலைக்காட்சியிலும் நடித்த அவரை நாடறியச் செய்தது வானொலி. எழுபதுகளில் ஒலித்த தொடர் நாடகம் 1976இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாயிற்று. ரி. ராஜகோபாலின் அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ் பேசினார், எஸ். செல்வசேகரனின் உபாலி சிங்கள வாடையுள்ள தமிழ் பேசினார். முஸ்லிம் அல்லாத ராம்தாஸ், முஸ்லிம்களின் பேச்சுத் தமிழில் மரிக்காராக வாழ்ந்தார்.

பிறர் பேச்சை நடிப்பது எளிதில் ஏளனமாகிவிடும். இங்கே எல்லோருடைய பேச்சும் சிரிப்புக்கு உரியது. எவருடையதும் இழிவுக்கு உரியதன்று. செந்தமிழ் கற்பிக்கும் எமக்கு இது பாடம். இரத்தினபுரி, கேகாலை லயங்களில் பற்றரி ரேடியோவே அரங்காயிருந்த காலம் அது. அங்கு பேசப்பட்ட தமிழையும் நகரத்தார் பலர் கொச்சை என்றே ஒதுக்கினர்.

1981 ஆகஸ்டில் இரத்தினபுரித் தோட்டங்கள் வன்செயலுக்கு இலக்காயின. 1983இலும் அதுவே நடந்தது. நாடகம் தீயை அணைக்காது. ஆனால் அயலவனின் குரலைக் காது கொடுத்துக் கேட்டால்தான் அதை நடிக்க முடியும். அந்தச் செவிதான் நாட்டில் அருகிப் போனது.

ராம்தாஸ் 2016இல் சென்னையில் காலமானார். இறந்த பின்னும் அவர் மரிக்காரே.